கழகத்தைப் பதிவு செய்யுமுன் யாப்பின் உறுப்புரிமை விதியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை பிறந்தால் இலண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் ஞாயிறு தவறாமல் ஏதோ ஒரு பழைய மாணவர் சங்கத்தின் அல்லது ஊர்ச் சங்கத்தின் சுற்றுப்போட்டி நடக்கும். உதைபந்து, துடுப்பாட்டம், கரப்பந்து, வலைப்பந்து. மைதான ஓரத்தில் கொத்துரொட்டிக் கடை, சீட்டிழுப்பு, அனுசரணையாளர்களின் பதாகைகள். இந்தப் பணத்துக்கு வரி உண்டா என்ற கேள்வி பெரும்பாலும் பொருளாளர் மாறும்போதுதான் எழுகிறது. "காஸ்க் (விளையாட்டுக் கழகங்களுக்கான வரிச்சலுகை நிலை) என்று பதிந்தால் வரியே இல்லை" என்பார் ஒருவர். "சரிட்டி (அறக்கொடை அமைப்பு) எடுத்தால் எல்லாம் சரி" என்பார் இன்னொருவர். எங்கள் சங்கங்களைப் பொறுத்தவரை இரண்டு பேச்சும் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்பதைத் தெரிந்துகொள்ளாமல் படிவம் நிரப்பினால் திரும்பி வர வழியில்லை என்பதாலேயே இதை எழுதுகிறோம்.

முதலில் அடிப்படை. கம்பனியாகப் பதியாத கழகமும் பிரித்தானியச் சட்டப்படி கோர்ப்பரேஷன் வரிக்கு, அதாவது அமைப்புகளின் இலாபத்தின் மீதான வரிக்கு, உட்பட்டது. உறுப்பினர் தரும் சந்தா வரிக்குரிய இலாபமாகாது. வெளியாரிடம் பெறும் போட்டி நுழைவுக் கட்டணம், உணவுக்கடை வருமானம், அனுசரணைப் பணம், வங்கி வட்டி ஆகியவை கணக்கில் வரும். இலாபம் சிறியதென்றால் வரி 19 வீதம். இந்தச் சுமையைக் குறைப்பதற்காக 2002இல் கொண்டுவரப்பட்டதே சமூக அமெச்சூர் விளையாட்டுக் கழகம் என்ற வரி நிலை. அதைத்தான் சுருக்கமாகக் காஸ்க் என்கிறார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் அதன் விதிகள் திருத்தப்பட்டு, எல்லைகள் எண்களாக வரையறுக்கப்பட்டன.

பதிவுக்கு முதல் நிபந்தனை, கழகம் முழுச் சமூகத்துக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது. எங்கள் சங்கங்கள் பல இடறுவது இங்கேதான். "இக்கல்லூரியின் பழைய மாணவர்களும் அவர்களது குடும்பத்தினரும் உறுப்பினராகலாம்" என்று யாப்பில் ஒரு வரி இருந்தால் விண்ணப்பம் அத்துடன் நின்றுவிடும். "இவ்வூரைப் பிறப்பிடமாகக் கொண்டோர்", "தமிழர்கள்" என்ற வரிகளுக்கும் அதே கதிதான். இனம், தேசியம், மதம், பால், வயது, உடற்குறைபாடு எதைக் கொண்டும் உறுப்புரிமையை மறுக்க முடியாது. அந்த விளையாட்டின் இயல்பே கோரும் வேறுபாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. கழகத்தின் பெயரில் கல்லூரியின் பெயரோ ஊரின் பெயரோ இருப்பது பிரச்சினையில்லை. தெருக்கோடியில் குடியிருக்கும் போலந்துக்காரரின் பிள்ளை வந்து கேட்டால் சேர்த்துக்கொள்ள யாப்பில் இடமிருக்கிறதா என்பதுதான் கேள்வி. "காரணம் கூறாமல் நிராகரிக்க நிர்வாகசபைக்கு உரிமையுண்டு" என்ற பழைய வாசகத்தையும் எடுத்துவிட வேண்டும். கழகத்துக்கோ விளையாட்டுக்கோ அவப்பெயர் தரும் நடத்தை போன்ற தகுந்த காரணத்துக்காக மட்டுமே மறுக்கலாம், மறுக்கப்பட்டவர் உறுப்பினர் கூட்டத்தில் முறையிடலாம் என்று எழுதுங்கள். யாப்பைத் திருத்துவதோடு வேலை முடிந்துவிடாது. அறிவித்தலைத் தமிழில் மட்டும் போட்டுவிட்டு "எல்லோருக்கும் திறந்திருக்கிறோம்" என்று சொன்னால் எடுபடாது. உள்ளூர் விளையாட்டு நிலையத்தின் பலகையிலும் ஆங்கிலத்தில் ஒன்று ஒட்டுங்கள்.

இரண்டாவது, உறுப்பினர்களில் பாதிப்பேராவது விளையாட வேண்டும். ஆண்டுக்கு 12 தடவையாவது களத்தில் இறங்குபவரே பங்கேற்கும் உறுப்பினர். பயிற்சியளிப்பவரும் நடுவராக நிற்பவரும் இதில் சேர்வர். மற்றவர்கள் சமூக உறுப்பினர்கள். பழைய மாணவர் சங்கத்தில் ஆயுட்கால உறுப்பினர் 300 பேர், விளையாடுவோர் 45 பேர் என்றால் கணக்கு ஒருபோதும் சரிவராது. ஆகவே வருகைப் பதிவேடு கட்டாயம். பயிற்சி நாளில் கைபேசியில் பெயர்ப் பட்டியலைப் படமெடுத்து வைத்தாலும் போதும். ஆண்டு முடிவில் நினைவிலிருந்து நிரப்பும் பட்டியலை எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். விளையாட்டும் தேசிய விளையாட்டு மன்றங்கள் அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். கபடி இருக்கிறது, சதுரங்கம் இல்லை. கிளித்தட்டு, சிலம்பம் என்று தொடங்குவோர் பட்டியலைப் பார்த்த பிறகே படிவத்தைத் தொடுங்கள்.

மூன்றாவதுதான் எங்கள் சங்கங்களுக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. சுற்றுப்போட்டியில் மிஞ்சும் பணத்தில் ஊரிலுள்ள பாடசாலைக்கு ஆய்வுகூடம், நூலகம், மாணவருக்குப் புலமைப்பரிசில் என்று அனுப்புகிறோம். மிக நல்ல காரியம். ஆனால் அது காஸ்க் கழகத்தின் காரியம் ஆகாது. வரிவிலக்குப் பெற்ற வருமானம் விளையாட்டு வசதிகளுக்கும் விளையாட்டில் பங்கேற்பை வளர்ப்பதற்குமே செலவாக வேண்டும். வேறு நோக்கத்துக்குப் போகும் பணத்தின் அளவுக்கு விலக்கும் குறைந்துவிடும். அதையே வழக்கமாக்கினால் கழகத்தின் முதன்மை நோக்கம் விளையாட்டுத்தானா என்ற கேள்வி எழுந்து, பதிவுக்கே ஆபத்தாகும். கழகம் கலையும்போது எஞ்சும் சொத்தை ஊர்ப் பாடசாலைக்குக் கொடுப்பதாக யாப்பில் எழுதவும் முடியாது. அது இன்னொரு காஸ்க் கழகத்துக்கோ ஒரு சரிட்டிக்கோ, சமூக விளையாட்டுக்காக அந்த விளையாட்டின் ஆளும் அமைப்புக்கோதான் போகலாம்.

சரிட்டியாகவும் காஸ்க்காகவும் ஒரே அமைப்பு இருக்க முடியாது. 2011ஆம் ஆண்டின் சரிட்டிகள் சட்டம், பதிவான காஸ்க் கழகம் சரிட்டி ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. பதிந்த பிறகு "வேண்டாம், நீக்கிவிடுங்கள்" என்று விலகவும் ஏற்பாடில்லை. நிபந்தனையை மீறினால் வரித் திணைக்களமே நீக்கும். நீக்கும் நாளில் கழகத்தின் சொத்துகள் சந்தை விலைக்கு விற்கப்பட்டதாகக் கொண்டு, மூலதன ஆதாயத்துக்கு வரி கணக்கிடப்படும். மைதானமோ மண்டபமோ சொந்தமாக வைத்திருக்கும் கழகத்துக்கு அது பேரிடி.

ஆகவே எங்கள் யோசனை இரண்டு அமைப்புகள். ஊருக்குப் பணம் அனுப்பும் சங்கம் சரிட்டியாக இருக்கட்டும். ஆண்டு வருமானம் 5,000 பவுணுக்கு மேல் போனால் இங்கிலாந்து, வேல்ஸ் சரிட்டி ஆணையத்தில் அது எப்படியும் பதியத்தான் வேண்டும். விளையாட்டுக்குத் தனிக் கழகம், தனி யாப்பு, தனி வங்கிக் கணக்கு, தனி உறுப்பினர் பட்டியல். இரண்டுக்கும் ஒரே காசோலைப் புத்தகம் என்றால் இரண்டாகப் பிரித்ததில் பயனில்லை.

இனி வரி எல்லைகள். காஸ்க் கழகத்தின் வணிக வருமானம் ஆண்டுக்கு 50,000 பவுண் வரை கோர்ப்பரேஷன் வரியிலிருந்து விலக்கு. வாடகை வருமானத்துக்கு 30,000 பவுண். விளையாட்டுக்கே செலவழித்தால் வட்டிக்கும் மூலதன ஆதாயத்துக்கும் வரியில்லை. இவை இலாபத்துக்கான எல்லைகளல்ல, மொத்த வரவுக்கான எல்லைகள். இதைக் கவனிக்காமல் பல பொருளாளர்கள் தடுமாறுகிறார்கள். எல்லையைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டுமன்றி முழு இலாபத்துக்கும் வரி விழும். வணிக வரவு 49,500 பவுண், இலாபம் 12,000 என்றால் வரி இல்லை. வரவு 50,500 ஆகி இலாபம் அதே 12,000 என்றால் 19 வீதப்படி 2,280 பவுண் கட்ட வேண்டும். உணவுக்கடையைக் கழகமே நடத்தி 25,000 பவுணுக்கு விற்றால் அந்த 25,000உம் வரவில் ஏறும். கடைக்காரருக்கு இடத்தைக் கொடுத்து 800 பவுண் கட்டணம் வாங்கினால் ஏறுவது 800 மட்டுமே. ஆண்டின் நடுவில் பதிந்தால் அந்த ஆண்டின் எல்லையும் அதே விகிதத்தில் சுருங்கும். ஆறு மாதத்துக்கு 25,000. பதிந்த முதல் ஆண்டில் பெருவிழா வைப்போர் இதை மறக்கிறார்கள். இதற்கு மேல் இன்னொரு சுவரும் உண்டு. வெளியாருடனான வணிகமும் வாடகையும் சேர்ந்து ஆண்டுக்கு 100,000 பவுணைத் தாண்டினால் காஸ்க் தகுதியே போய்விடும்.

அனுசரணை பற்றி ஒரு சொல். சட்டையில் கடையின் பெயரைப் பொறித்தால் வாங்கிய பணம் நன்கொடை அல்ல, விளம்பரக் கட்டணம். அது வணிக வரவு. பிரதியுபகாரம் எதுவுமின்றி ஒருவர் தன் சொந்தப் பணத்தைத் தந்தால் அது நன்கொடை. அவர் போதிய வருமான வரி கட்டுபவராகவும் கிஃப்ட் எய்ட் (நன்கொடையாளர் கட்டிய வரியைக் கழகம் மீளப் பெறும் திட்டம்) பத்திரத்தில் பெயர், வீட்டு முகவரியுடன் உறுதி தந்தவராகவும் இருந்தால், ஒவ்வொரு 100 பவுணுக்கும் கழகம் 25 பவுண் மீளப் பெறலாம். லிமிட்டெட் கம்பனி தந்தால் கிஃப்ட் எய்ட் கோர முடியாது. 2014 ஏப்ரலிலிருந்து அந்தக் கம்பனியே தன் வரிக்கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். காசோலை யார் பெயரில் வருகிறது என்று பார்த்துப் பதியுங்கள்.

சந்தாவுக்குக் கிஃப்ட் எய்ட் கிடையாது. சந்தாவை 10 பவுணாகக் குறைத்து, மீதி 140ஐ "நன்கொடை" என்று எழுதி, அதைத் தராதவருக்கு ஆட்டத்தில் இடமில்லை என்பது பிடிபடும் தந்திரம். பிடிபட்டால் மீளப் பெற்றதையெல்லாம் வட்டியுடன் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைவிட நன்கொடை உண்டியல் வைப்பது நேர்மையான வழி. ஒருவர் ஒரு தடவையில் 30 பவுணுக்கு மேற்படாமல் போடும் காசுக்குப் பத்திரம் தேவையில்லை. ஆண்டுக்கு 8,000 பவுண் வரையான உண்டியல் பணத்துக்கு அரசு 2,000 பவுண் தரும். ஆனால் அதே ஆண்டில் அதில் பத்திலொரு பங்குக்காவது, அதாவது 800 பவுணுக்கு, வழமையான கிஃப்ட் எய்ட் கோரியிருக்க வேண்டும். நுழைவுச்சீட்டுக் காசு இதில் சேராது. எண்ணியவர் இருவர் கையொப்பமிட்ட தாளும் வங்கியில் வைப்பிட்ட சிட்டையும் வைத்திருங்கள்.

சொந்தக் கட்டடம் உள்ள கழகத்துக்கு, கட்டடத்துக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் வர்த்தக வீத வரியில் 80 வீதம் கட்டாயச் சலுகை. 10,000 பவுண் கட்டுபவர் 2,000 கட்டினால் போதும். அதையும் கவுன்சில் விரும்பினால் தள்ளுபடி செய்யலாம். ஏற்கெனவே சிறுவணிகச் சலுகையால் எதுவுமே கட்டாத சிறு கட்டடம் என்றால், பதிந்த பின் நிலை மாறக்கூடும். கவுன்சிலிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பூங்காவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் கழகத்துக்கு இந்தச் சலுகையால் ஒன்றுமில்லை.

சுற்றுப்போட்டிக்கு வெளியிலிருந்து ஆட்டக்காரரை அழைக்கும் பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லா ஆட்டக்காரருக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 10,000 பவுணுக்கு மேல் விளையாடுவதற்காகக் கொடுக்கக்கூடாது. உறையில் வைத்துக் கையில் கொடுத்தாலும் அது கொடுப்பனவுதான். வெளியூர் ஆட்டத்துக்கான பயணச்செலவைப் பற்றுச்சீட்டுடன் கொடுப்பது வேறு. கட்டணத்திலும் கவனம் தேவை. உறுப்பினராக இருந்து விளையாட ஆண்டுக்கு ஆகும் செலவு 520 பவுணைத் தாண்டினால், வசதியில்லாதவரும் சேர ஓர் ஏற்பாட்டைக் கழகம் காட்ட வேண்டும். உறுப்புரிமைக் கட்டணம் எப்படியும் 1,612 பவுணைத் தாண்டக்கூடாது.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் காஸ்க் ஏ1. பொதுக்கூட்டத்தில் திருத்தி நிறைவேற்றிய யாப்பு, கடைசிக் கணக்கறிக்கை, பொறுப்பாளர் விவரங்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு நிரப்புங்கள். யாப்பின் வரைவை அனுப்பிவிட்டுப் பின்னர் நிறைவேற்றுவோம் என்பது மாதக்கணக்கில் இழுபடும். வரித் திணைக்களம் கணக்குக் கேட்டால் வழமையான கோர்ப்பரேஷன் வரிப் படிவமான சிரி600 (CT600) உடன் "ஈ" இணைப்பையும் (CT600E) நிரப்ப வேண்டும். விலக்கைக் கோரும் இடம் அதுதான்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இரண்டே தீர்மானங்கள் போதும். ஒன்று, விளையாட்டுப் பிரிவைத் தனிக் கழகமாக்குவது. மற்றது, அதன் உறுப்புரிமை விதி. இரண்டாவதில் விவாதம் சூடுபிடிக்கும். கல்லூரியின் பெயரை வெளியாருக்குக் கொடுப்பதா என்று மூத்தவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கூட்டத்தில் நேரம் ஒதுக்குங்கள். அதற்கு மனமொப்பி விடை காணாத கழகம் இப்போதைக்குப் பதியாமல் இருப்பதே மேல்.

இலண்டனில் விளையாட்டுக் கழகங்களின் கணக்குகளைக் கவனிக்கும் சிலர்