மலைக்குப் போகிறவர்களின் பெயர் தோட்டத்து ஏட்டில் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். சம்பளத்தில் படிகளின் பங்கு பாதியைத் தாண்டினால் என்னவாகும், வேலையிலிருந்து நீங்குகிறவருக்கு எத்தனை நாளில் கணக்கு முடிக்க வேண்டும் என்பனவெல்லாம் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் அவை யாவும் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கே பயன்படும். கம்பம், போடி, தேவாரம், கோம்பை ஆகிய ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் பெண்களில், நான் கண்ட அளவில், அப்படிப் பெயர் உள்ளவர்கள் மிகச் சிலரே.

வண்டன்மேட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கெழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எங்களிடம் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று மஸ்டர் என்னும் வருகைப் பதிவேடு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும், அதிகாரிகள் வந்தால் அதைத்தான் எடுத்து வைப்போம். மற்றது காய் எடுப்புக் காலத்தில் ஸ்டோர் வாசலில் தராசுக்குப் பக்கத்தில் கிடக்கும் எடை நோட்டு. யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார் என்பது அதில்தான் ஏறும், ஏனென்றால் கூடுதல் காய்க்குக் கூடுதல் காசு. ஜீப்பில் வருகிறவர்களுக்கு மஸ்டரில் இடமில்லை. நாள் முடிவில், அவர்களைத் திரட்டி அழைத்துவரும் கங்காணியின் பெயரை எழுதி, அதன் எதிரே ‘ஆள் 17’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அப்படி எழுதச் சொன்னவர்கள் வேறு என்றாலும், எழுதிய கை என்னுடையது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலையில், கம்பம்மெட்டு இறக்கத்தில் எங்கள் தோட்டத்து ஆட்களை ஏற்றிச் சென்ற ஜீப் கவிழ்ந்து ஒரு பெண் இறந்துபோனார். ஒன்பது ஆண்டுகளாக எங்களிடம் வேலை பார்த்தவர். காய் பறிக்கும்போது செடிக்கு அடியில் குனிந்தே இருந்து நகங்கள் கறுத்துப்போன அந்தக் கையை எடை போடும்போது தினமும் பார்த்திருக்கிறேன். இறப்பதற்கு முதல் நாள் அவர் கொண்டுவந்தது இருபத்து மூன்று கிலோ. இழப்பீடு கேட்டு அவர் கணவர் வந்தபோது, ‘அவர் கங்காணியின் ஆள், தோட்டத்து ஆள் அல்ல, அதுவும் விபத்து தோட்டத்துக்கு வெளியே நடந்தது’ என்று பதில் சொல்லப்பட்டது. எடை நோட்டு அடுத்த வாரம் ஸ்டோரில் இல்லை. அது எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்துக்குக் காரியச் செலவுக்கென்று கொடுக்கப்பட்ட தொகையோடு விஷயம் முடிந்துபோனது.

அன்று சொல்லப்பட்ட பதிலின் இரண்டு பகுதிகளுமே சொன்ன மாத்திரத்தில் சட்டப்படி நின்றுவிடக் கூடியவை அல்ல என்பதைத் தோட்ட முதலாளிகளும் தொழிலாளர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் அட்டவணையில் ஏலத்தோட்ட வேலையைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் வைத்தாலும், விபத்து முதலாளியின் வேலையிடத்திலோ அதை ஒட்டியோ நேர்ந்திருந்தால், இழப்பீட்டுக்கு முதன்மை முதலாளியே பொறுப்பு என்று அதன் 12ஆம் பிரிவு கூறியது. கொடுத்த தொகையை ஒப்பந்தக்காரரிடமிருந்து பின்னர் வசூலித்துக்கொள்வது அவர்களுக்குள் உள்ள வழக்கு, இறந்தவரின் குடும்பம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டம் இப்போது நான்கு தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயமாகியிருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நேரும் விபத்து, அதன் சூழலுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் வேலையோடு தொடர்பிருந்தால், வேலையின்போது நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று அந்த அத்தியாயம் வெளிப்படையாகச் சொல்கிறது.

கேரள அரசு இத்தொகுப்புகளை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று 2025இல் அறிவித்ததால் எல்லையோரத் தொழிலாளிக்கு எந்தச் சட்டம் என்ற குழப்பம் எழலாம். வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தைப் பொறுத்தவரை அதற்கு இடமில்லை. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மனோஜ் மிஸ்ராவும் கே.வி. விஸ்வநாதனும் அளித்த தீர்ப்பு பழைய சட்டத்துக்கே அதே பொருளைத் தந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003இல், அதிகாலை முறைக்குச் செல்லும் வழியில், ஆலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் விபத்தில் இறந்த வழக்கு அது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின, ஆனால் குடும்பம் வென்றது. அந்தக் காவலாளி ஆலையின் ஆள்தானா என்று கேள்வி எழவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். எங்கள் பெண்களுக்கு முதலில் எழுவதே அந்தக் கேள்விதான்.

இழப்பது எவ்வளவு என்பதையும் கணக்கர் என்பதால் சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்குக் காரணி 184.17, கணக்கில் எடுக்கும் மாதக் கூலியின் உச்சம் 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். அந்த உச்சத்தில் 13,81,275 ரூபாய் வருகிறது. கூலிக்கு எழுத்துச் சான்று இல்லாவிட்டால் குடும்பம் குறைந்தபட்சத் தொகையான 1,20,000 வரை இறங்கி வர நேரிடலாம். புதிய தொகுப்புகள் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதமும் கூலிச் சீட்டும் கட்டாயம் என்கின்றன, நல்லது. ஆனால் கூலிப் பதிவேடுகளை ஒழுங்காக வைக்காததற்கு அபராதம் 10,000 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. ஏட்டை மறைப்பதால் மிச்சமாகும் தொகையோடு ஒப்பிட்டால் இது யாரையும் அச்சுறுத்தாது என்பது என் கருத்து.

முதலாளிகள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. பெயர் எழுதினால் பிஎஃப், போனஸ், பணிக்கொடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் என்ற அச்சமே பெரும்பாலும் காரணம். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இழப்பீட்டைச் செலுத்தாவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமில்லாத தாமதத்துக்குத் தொகையில் பாதி வரை தண்டமும் சேரும். கூலிக் கணக்கைக் காட்டி இழப்பீட்டுக் காப்பீடு எடுத்துவிட்டால் இழப்பீட்டுச் சுமையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும். காட்டுவதற்குக் கணக்கு இருக்க வேண்டும், அவ்வளவே. தோட்டத்தின் பெயர், தேதி, ஆளின் பெயர், கூலி, எடை ஆகியவற்றை எழுதிய ஒரு துண்டுச் சீட்டை மாலையில் ஜீப் ஏறுமுன் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதற்கு, ஏற்கெனவே எடை எழுதும் கணக்கருக்குக் கால் மணி நேரம் கூட ஆகாது. சென்ற மாதம் கம்பத்தில் ஜீப்புக்குக் காத்திருந்த சில பெண்களிடம் எந்தத் தோட்டத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டபோது கங்காணியின் பெயரைத்தான் சொன்னார்கள்.

இழப்பீடு கேட்க இடுக்கிக்கு அலைய வேண்டும் என்று பயந்து பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. அது தேவையில்லை. மனுதாரர் வழக்கமாகக் குடியிருக்கும் பகுதிக்குரிய தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமே, அதாவது தமிழ்நாட்டிலேயே, மனுக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். தக்க காரணம் காட்டினால் தாமதத்தையும் ஆணையர் மன்னிக்கலாம். சீட்டு இல்லாதவர்கள் உடன் வேலை பார்த்தவர்களின் சாட்சியத்தையும், கங்காணியின் கைபேசிப் பணப் பரிமாற்றப் பதிவையும், யாரிடமாவது தப்பிப் பிழைத்திருக்கும் எடை நோட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். அப்படி ஒரு நோட்டு எவரிடமேனும் இருந்து, அதில் உள்ள கணக்கைப் படித்து மனு எழுதித் தர ஆள் வேண்டுமானால், கம்பத்தில் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.