மருமகனுக்கு, அந்தப் பழைய எஞ்சின் பற்றி

அன்புள்ள மருமகனுக்கு,

கடலில் வைத்துப் பிடித்து நின்றுபோன உன் வள்ளத்து எஞ்சினின், அதாவது படகின் பின்னால் மாட்டும் அந்த மண்ணெண்ணெய் எஞ்சினின், போட்டோக்களைப் பார்த்தேன். "பிரிச்சு வேலை பார்த்தா எவ்வளவு ஆகும், புதுசு எடுத்தா எவ்வளவு ஆகும் மாமா?" என்று கேட்டிருந்தாய். குமரிக் கரையில் குளச்சலில் இருந்து தேங்காய்ப்பட்டணம் வரை இதே கேள்வியோடு ஆட்கள் கூப்பிடுகிறார்கள். அதனால் உனக்கான பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். வீட்டு விஷயம் எதுவும் இதில் வராது, பயப்படாதே.

விலையை அப்புறம் பேசலாம். கடலில் வைத்து எஞ்சின் ஏன் பிடித்தது, பிஸ்டன் ஏன் சிலிண்டரில் சிக்கி நின்றது? அதை நீயும் எழுதவில்லை, உனக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்த மெக்கானிக்கும் எழுதவில்லை. பிஸ்டன், ரிங், போரிங் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது), கேஸ்கட் செட், கூலி என்று வரிசையாக இருக்கிறது. போனதை மாற்ற அந்தக் கணக்கு சரிதான். போக வைத்தது எதுவோ அது உள்ளேயே இருந்தால் புதுப் பிஸ்டனும் அதே வழியில் போகும். ஒரே எஞ்சினுக்குத் திரும்பத் திரும்ப பிஸ்டன் போட்டு, கடைசியில் ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போட்டவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். எஞ்சின் ராசியில்லாதது என்பார்கள்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தாயே, அது நல்ல காரியம். மீட்டர் முள் மேல் சிலிண்டரில் 60 psi, கீழ் சிலிண்டரில் 105. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்குக் கம்ப்ரஷனைக் குறைத்துத்தான் வைத்திருப்பார்கள், ஆகவே 105-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விஷயம். நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்றால் விட்டுவிடலாம். உன்னுடையது பாதிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டுதான் கயிறு இழுத்தாயா? இல்லையென்றால் மறுபடி ஒருமுறை பார். அப்புறம் மேல் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இழு. முள் நன்றாக ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. அசையவே இல்லை என்றால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் தகடு) பக்கம் சந்தேகப்படு, இல்லையேல் பிஸ்டன் தலையிலேயே ஓட்டை.

மேல் சிலிண்டர் மட்டும் போனதுதான் எனக்கு முக்கியமான தடயம். உன் எஞ்சினில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர். அதில் அடைப்பு என்றால் இரண்டும் சேர்ந்துதான் பட்டினி கிடக்கும். ஆயில் கலவை குறைந்திருந்தாலும் அடி இரண்டுக்கும்தான். மேலே மட்டும் என்றால் நான் முதலில் கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) மேல் முனையில் இருக்கும் ஆயில் சீலைப் பார்ப்பேன். உன்னுடையதைப் போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் எரிபொருளும் ஆயிலும் கலந்து கிராங்க் கேஸ் வழியாகப் போய்த்தான் சிலிண்டருக்குள் ஏறும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கீழே தனித்தனி அறை. மேல் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று மேல் அறைக்குள் மட்டும் புகும். கலவை மெலிந்து, அந்த ஒரு பிஸ்டன் மட்டும் சூடேறிப் பிடிக்கும். மொத்தச் செலவில் அந்தச் சீல் சில்லறைக் காசு. உன் எஸ்டிமேட்டில் அது இல்லை.

அடுத்த சந்தேகம் உப்பு. "தண்ணி நல்லா அடிக்குது மாமா" என்று எழுதியிருக்கிறாய். பின்னால் தண்ணீர் பீச்சினால் பம்ப் வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஹெட்டைச் சுற்றி எல்லா வழியிலும் தண்ணீர் போகிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. சூடு அதிகம் உள்ள இடத்தில்தான் உப்பு முதலில் படியும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. மணலில் வள்ளத்தை ஏற்றிவிட்டு, மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, அதற்குமேல் டிரம்மில் தண்ணீர் நிரப்ப யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஹெட்டைக் கழற்றியதும் தண்ணீர் ஓடும் வழிகளைப் பார். வெறும் படிவு என்றால் வினிகரில் ஊறவைத்துச் சுரண்டலாம். கேஸ்கட் உட்காரும் முகம் அரித்துக் குழி விழுந்திருந்தால் பேச்சே வேறு. லேசான குழி என்றால் லேத்தில் முகம் சீவலாம். சிலிண்டர் விளிம்புவரை போயிருந்தால் சிலிண்டர்கள் இருக்கும் அந்த பிளாக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதே.

போரிங்கை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். கடைந்து அகலமான சிலிண்டருக்கு ஏற்றபடி 0.25, 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைக்கும். ஆனால் அத்தான் ஏற்கெனவே ஒருமுறை போரிங் செய்தார் என்று ஞாபகம். அக்காவிடம் கேட்டால் பில் இருக்கும். பில் இல்லாவிட்டால் பிஸ்டன் தலையில் பொறித்த எண்ணைப் பார். 0.50 முடிந்திருந்தால் ஸ்லீவ்தான் (சிலிண்டருக்குள் செருகும் புதுக் குழாய்) போட வேண்டும், செலவும் ஒரு படி ஏறும்.

நீ போட்டோ எடுக்காத இடத்துக்கு வருகிறேன். பிஸ்டன் வேலை எல்லாம் எஞ்சினின் தலைப்பகுதியோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே டிரைவ் ஷாஃப்ட் குழாய், கியர் பாக்ஸ், படகில் பிடித்திருக்கும் கிளாம்ப் எல்லாம் அதே வயதில், அதே உப்பில் இருக்கின்றன. கியர் ஆயிலை வடித்துப் பார். பால் சாயா நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலோடு போனால் பரவாயில்லை. விரலில் இரும்புத் தூள் ஒட்டினால் கியரின் பல் போகிறது. போல்ட்டுகள் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருக்கும், சூடு காட்டாமல் திருகினால் முறியும். முறிந்த போல்ட்டைத் துளைத்து எடுப்பதில் பிஸ்டன் வேலையை விட அதிக நாள் போவதுண்டு. புதுசின் விலையில் பாதிக்குள் முடிந்தால் பிரி, தாண்டினால் மாற்று என்று சொல்வார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மீதி எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது.

கடலுக்குப் போகாத நாளின் நஷ்டத்தையும் நீ எழுதவில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், நம் மேற்குக் கரையில் விசைப்படகுகள் இறங்காது. நம்முடையதைப் போன்ற பைபர் வள்ளங்களின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் நாட்கள் அவை. அந்த நேரத்தில் எஞ்சின் லேத் பட்டறையில் கிடந்தால் மிச்சம் பிடித்த காசெல்லாம் அங்கேயே போய்விடும்.

புதுசு என்றால் ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோலா என்றும் கேட்டாய். எரிபொருள் மிச்சம், புகையும் குறைவு, மானிய மண்ணெண்ணெய்க்குக் காத்திருக்க வேண்டாம். அந்த மண்ணெண்ணெய் வரவர குறைந்துகொண்டும் வருகிறது. ஆனால் எடை கூடுதல், ஒவ்வொரு தடவையும் மணலில் தோளில் தூக்க வேண்டும். அலையடியில் வள்ளம் கவிழ்ந்து ஆயில் சம்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) கடல் தண்ணீர் புகுந்தால், டூ ஸ்ட்ரோக்கைப் போல பிளக்கைக் கழற்றிக் கயிறு இழுத்துச் சமாளிக்க முடியாது. துறைமுகத்தில் கட்டுகிறவர்களுக்கு அது சரி. கரையில் இருந்து நேராக அலைக்குள் இறங்கும் உனக்கு இன்னும் சில வருடம் டூ ஸ்ட்ரோக்தான் என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் கடைக்குப் போகும் முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் மானியம் விசாரி. வாங்கிவிட்டு பில்லோடு போய் நிற்காதே.

பழையதை ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம் என்ற உன் யோசனை பிடித்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. முதல் எஞ்சின் நின்றபோது எடுக்கத்தான் ஸ்பேர். அது முதல் இழுப்பிலோ இரண்டாம் இழுப்பிலோ எடுக்க வேண்டும். அரைகுறையாக வேலை பார்த்ததை ஸ்பேர் என்று நம்பிப் போகாதே. அதைவிடப் பிரித்துப் பாகங்களாக வைத்துக்கொள்வது மேல். அத்தான் வாங்கியது என்ற பாசம் எனக்கும் உண்டு. அவர் இருந்தால் பாகம் பாகமாக விற்றிருப்பார், அது உனக்கே தெரியும்.

என் முடிவு இதுதான். பிளாக் முகம் நன்றாக இருந்து, கியர் ஆயிலில் இரும்பு இல்லாமல், கிளாம்பில் விரிசல் இல்லாமல் இருந்தால் பிரித்து வேலை பார். அப்போது கிராங்க் சீல் இரண்டும், வாட்டர் பம்ப்பில் சுழலும் ரப்பர் இம்பெல்லரும் கட்டாயம் புதுசு. மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் புதுசு எடுத்துவிடு.

ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றி, பிஸ்டனோடு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடு, நான் ஸ்டாண்டில் எடுத்துக்கொள்கிறேன். எதையும் கழுவாதே, கரியும் கீறலும் இருந்தபடியே இருக்கட்டும். அந்த மெக்கானிக்கிடம் அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
மாமா