கீழ்த்தளத்தில் ஒரு ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம். இங்கே சின்னவளும் வேலைக்கு வெளியூர் போய்விட்டாள். சாயங்காலமானால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அந்த நேரத்தில்தான் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸைக் கேட்கிறேன்.

1957 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் படியிறங்கிப் போக வேண்டிய வில்லேஜ் வேன்கார்ட் கிளப். நூற்றிருபது பேர் வந்தால் நிறைந்துவிடும் இடம். அன்று அங்கே ராலின்ஸ் வாசித்ததை, ப்ளூ நோட் இசைத்தட்டு கம்பெனிக்காக ரூடி வான் கெல்டர் ஒலிப்பதிவு செய்தார். மத்தியானம் உடன் வாசித்தவர்கள் வேறு. ராத்திரி பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் வில்பர் வேர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். பியானோ கிடையாது. அங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. பியானோ இருந்தால் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களைப் போட்டு வழிகாட்டிக்கொண்டே வரும். இங்கே அந்தப் பிடிமானம் இல்லை. எந்தக் கார்டில் நிற்கிறோம் என்பதைத் தன் டெனர் சாக்ஸபோனிலேயே சொல்லியாக வேண்டும். அப்போது அவருக்கு வயது 27!

'சானிமூன் ஃபார் டூ'வை எடுத்துக்கொள். பன்னிரண்டு தாள அளவில் (பார்) சுற்றிவரும் ப்ளூஸ். கீழே இறங்கும் ஒரு சின்ன வரி, அதுவே மூன்று தடவை. அவ்வளவுதான் மெட்டு. நிரவலுக்கு ஒரு வரியை எடுத்துக்கொண்ட பாடகர் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நடுவே சட்டென்று நிறுத்தி மூச்சு விடுகிறார். அந்த இடைவெளியில் எல்வின் ஜோன்ஸ் புகுந்து புறப்படுவதைக் கேட்கும்போது என்னால் உட்கார முடியவில்லை.

இவ்வளவு வாசித்தவருக்குத் தன் வாசிப்பு போதவில்லை. 1959இல் மேடையை விட்டு விலகி, வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் தனியாக நின்று சாதகம் செய்தார். 1961இல்தான் திரும்பி வந்தார்.

இன்னொன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. 2001 செப்டம்பர் 11 அன்று, இரட்டைக் கோபுரங்களுக்குப் பக்கத்திலேயே 39ஆம் மாடியில் குடியிருந்தார். மறுநாள் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பாஸ்டனில் ஏற்பாடாகியிருந்த கச்சேரியை ரத்து செய்யலாம் என்றுதான் நினைத்தார். மனைவி லூசில் விடவில்லை. 15ஆம் தேதி மேடையேறினார், 71 வயதில். ரசிகர் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்து பதிவு செய்த அந்தக் கச்சேரி, 2005இல் ஆல்பமாக வந்தது. அதற்குள் லூசில் போய்விட்டார்.

அதில் 'வொய் வாஸ் ஐ பார்ன்' வாசிக்கிறார். அந்த வாசிப்புக்கு கிராமி கிடைத்தது. எனக்கு விருது நினைவுக்கே வரவில்லை. நாலு நாள் முன்னால் தூசியும் புகையுமாகக் கிடந்த தெருவிலிருந்து வந்த மனிதர் இவ்வளவு நேரம் மூச்சு பிடிக்கிறாரே என்றுதான் தோன்றியது. அம்மா போன பிறகு நீ ஆறு மாதம் பாட்டே கேட்கவில்லை என்று எழுதினாயே, அதைப் படித்ததிலிருந்து இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

அவசரமில்லை. முதலில் வேன்கார்ட், ராத்திரி வாசித்தவை. பாஸ்டனை வேறொரு நாள் கேள், தங்கச்சியையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

உன்,
பழைய அறைத்தோழன்