ஒயரிங் எஸ்டிமேட்டில் விட்டுப்போகும் வரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு தீப்பிடித்த செய்திகளின் கடைசியில் 'மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது' என்று ஒரு வரி வரும். அதை வருஷக்கணக்கில் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனவள் நான். போன வருஷம் எங்கள் வீட்டுச் சுவரை உடைத்து உள்ளே இருந்ததைப் பார்த்த பிறகு அப்படிப் போக முடியவில்லை. பழைய வீட்டுக்கு ஒயரிங் மாற்ற என்ன ஆகும், அந்தப் பணம் எதெதற்குப் போகும் என்று யாராவது முன்பே விளக்கியிருந்தால் நாங்கள் அந்த வேலையை இரண்டு வருஷம் தள்ளிப்போட்டிருக்க மாட்டோம். இதைப் பற்றி உங்கள் பத்திரிகை விரிவாக எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் 31 வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டுச் செலவையும் நோட்டுப் போட்டு எழுதுவேன். கீழே சொல்லும் கணக்கெல்லாம் அந்த நோட்டில் இருப்பதுதான்.

வீடு மாமனார் கட்டியது, 40 வருஷம் ஆகிறது. கட்டும்போது ஒவ்வொரு அறைக்கும் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, கூடத்தில் ஒரு பிளக். அந்தக் கணக்குக்குத்தான் அன்றைக்குக் கம்பி போட்டார்கள். அப்புறம் ஃபிரிட்ஜ் வந்தது, ஹீட்டர் வந்தது, வாஷிங் மிஷின் வந்தது, ஏசி வந்தது. ஒவ்வொன்றையும் ஏற்கெனவே இருந்த கம்பியிலிருந்தே இழுத்துக் கொடுத்தார்கள். 2000 வாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் சுவருக்குள் இருக்கும் கம்பியை நினைத்து ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. மோட்டார் போட்டால் கூடத்து விளக்கு மங்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச் போர்டில் கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். மாமியாருக்கு 82 வயது. வாஷிங் மிஷினைத் தொட்டால் சுருசுருவென்கிறது என்று இரண்டு முறை சொன்னார். "ஈரக்கையோட தொட்டிருப்பீங்க அத்தை" என்று பதில் சொன்னவள் நான்தான். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் பிளாஸ்டிக் கருகுகிற வாடை. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி, மெயினை அணைத்துவிட்டு, கூடத்துச் சுவரில் கம்பிகளை ஒன்றுசேர்க்கும் ஜங்ஷன் பாக்ஸைத் திறக்கச் சொன்னோம். மூடியைக் கழற்றியதும் பொடிப்பொடியாக ஏதோ கீழே உதிர்ந்தது. கம்பியின் மேலுறைதான் அது. விரலால் தொட்டால் காய்ந்த சருகு மாதிரி நொறுங்கியது. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் வருஷக்கணக்கில் வெந்தால் இப்படித்தான் ஆகும் என்றார் அவர். நான்கு கம்பிகளை முறுக்கிச் சேர்த்து மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் இறுகி ஓடு மாதிரி ஆகியிருந்தது. உள்ளே முறுக்கு தளர்ந்து, கம்பி கன்றிக் கறுத்திருந்தது.

அந்த இடத்தில் மின்சாரம் எங்கேயும் கசியவில்லை. போக வேண்டிய வழியில்தான் போனது. இணைப்பு தளர்ந்ததால் அந்த ஒரு இடம் மட்டும் சூடானது. இழுக்கும் மின்னோட்டம் கூடவில்லை என்பதால் ஃபியூஸும் போகாது, மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணைகிற சுவிட்சான எம்.சி.பி.யும் விழாது. 'மின்கசிவு' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். கசிவு ஒரு நோய் என்றால் தளர்ந்த இணைப்பு வேறொரு நோய். இரண்டுக்கும் மருந்து வேறு.

வாஷிங் மிஷின் பிளக்கைக் கழற்றியபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. மூன்று துளை பிளக். பெரிய துளைக்குப் பின்னால் பச்சைக் கம்பி மாட்டியிருந்தது, பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கம்பியை அவர் லேசாக இழுத்தார். ஒரு சாண் நீளம் கையோடு வந்தது, அவ்வளவுதான். மறுமுனை எதிலும் சேரவில்லை. வெட்டி, மடித்து, பெட்டிக்குள் சொருகி வைத்திருந்தார்கள். அந்த பிளக்கைப் போட்டவர் யார் என்று எங்களுக்கு ஞாபகமில்லை. எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் வழி என்று நாங்கள் நம்பியிருந்தது அந்த ஒரு சாண் கம்பியைத்தான்.

இனி பணத்துக்கு வருகிறேன். மூன்று பேரிடம் கேட்டோம். முதலாமவர் போனிலேயே ஒரு தொகை சொன்னார். இரண்டாமவர் பாயிண்ட்டுக்கு, அதாவது ஒரு விளக்குக்கோ விசிறிக்கோ பிளக்குக்கோ இவ்வளவு என்று சொல்லி, வீட்டைச் சுற்றி வந்து பாயிண்ட்டுகளை எண்ணிப் பெருக்கிக் கொடுத்தார். மூன்றாமவர் ஒரு மணி நேரம் இருந்தார். இரண்டு போர்டுகளைத் திறந்தார், பைப்புக்குள் பழைய கம்பி நகருகிறதா என்று இழுத்துப் பார்த்தார், எந்தெந்த சாமான் எந்த நேரத்தில் ஒன்றாக ஓடும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவர் சொன்ன தொகைதான் பெரியது. என் கணவருக்கு அதில் இஷ்டமில்லை. நான் மூன்று எஸ்டிமேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் கம்பியின் கனம் எவ்வளவு, எத்தனை சர்க்யூட் (மெயின் போர்டிலிருந்து தனித்தனியாகப் பிரியும் கம்பி வழி), எர்த் உண்டா என்று ஒரு வார்த்தை கிடையாது. பாயிண்ட் கணக்கில் பேசும்போது ஒரு பாயிண்ட்டுக்குள் என்ன போகிறது என்பது போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. தொகையைக் குறையுங்கள் என்று நாம் அழுத்தினால் அவர் எங்கே குறைப்பார்? சுவிட்ச் கண்ணுக்குத் தெரியும், அதில் கை வைக்க முடியாது. கம்பி சுவருக்குள் போய்விடும்.

மூன்றாமவரிடமே கொடுத்தோம். அவர் சொன்ன தொகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன், எந்த ஊர்க்காரரும் தன் கணக்கோடு ஒட்டிப் பார்க்கலாம். கூலி 38. கம்பியும் பைப்பும் 36. போர்டு, சுவிட்ச், எம்.சி.பி. எல்லாம் சேர்த்து 26. வேலை முடிந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது 161.

அந்த 61 எங்கிருந்து வந்தது? அவர் ஏமாற்றவில்லை. வெட்டிய சுவரைப் பூசுவது அவர் வேலையில் சேராது என்று முதலிலேயே சொன்னார், நாங்கள்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொத்தனாருக்கும் சிமெண்ட், மணலுக்கும் 14. பெயிண்ட் 22. இதுதான் நான் எதிர்பார்க்காத பெரிய தொகை. வெட்டிய கோட்டில் மட்டும் பெயிண்ட் அடித்தால் பட்டை பட்டையாகத் தெரியும், முழுச் சுவரையும் அடிக்க வேண்டும். இரண்டு வருஷம் முன்புதான் வீடு முழுக்க வெள்ளையடித்தோம். அன்றைக்கு அதே வாரத்தில் ஒயரிங்கை முடித்திருந்தால் இந்த 22 மிச்சம். எர்த் குழி புதிதாகத் தோண்டியதில் 9. வேலை நடக்கும்போது "இங்கே ஒரு பிளக் வேண்டும், அங்கே ஒரு விளக்கு" என்று நாங்கள் கேட்டுக்கேட்டுச் சேர்த்ததில் 11. இடிபாட்டை அள்ளியதற்கும், வேலை முடியும் வரை ஒரு அறைக்குத் தற்காலிகக் கம்பி இழுத்ததற்கும் 5.

செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான்: பழைய பைப் வழியாகவே புதுக் கம்பியை இழுக்க முடியுமா? முடிந்தால் சுவரை வெட்டவே வேண்டாம். பழைய கம்பியின் நுனியில் புதியதைக் கட்டி மறுபக்கமிருந்து இழுத்தால் வந்துவிடும். எங்கள் வீட்டில் படுக்கையறைகளில் அப்படி வந்தது, அங்கே வேலை இரண்டே நாளில் முடிந்தது. கூடத்திலும் சமையலறையிலும் பைப் நசுங்கி, சிமெண்ட் இறங்கி அடைத்திருந்தது. அங்கேதான் வெட்டு, தூசி, பூச்சு, பெயிண்ட் எல்லாம். எஸ்டிமேட் கேட்கும்போதே இரண்டு மூன்று இடங்களில் கம்பியை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்வேன்.

பணம் போதாதவர்கள் சமையலறையை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். நாங்களும் கேட்டோம். பகுதி பகுதியாகச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் மெயின் போர்டிலிருந்து அந்த அறைக்குத் தனிக் கம்பியாக வர வேண்டும். பழைய கம்பியின் வாலில் புதியதை ஒட்டக் கூடாது. செம்பு விலை ஏறிய 1960, 70களில் பல நாடுகளில் வீடுகளுக்கு அலுமினியக் கம்பி போட்டார்கள். எங்கள் வீடு அதற்குப் பிறகு கட்டியதுதான், ஆனாலும் பின்கட்டில் அலுமினியம்தான் இருந்தது. ஒரே கனத்தில் செம்பு கடத்துவதில் சுமார் 60 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். மேலே ஆக்சைடு படியும், திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்லத் தளரும். அதன் மேல் செம்பை நேராக முறுக்கினால் இணைப்பு அரித்துப்போகும். அதாவது நாங்கள் ஜங்ஷன் பாக்ஸில் பார்த்த அதே சூடான முடிச்சைக் காசு கொடுத்துப் புதிதாகப் போட்டுக்கொள்வது மாதிரி.

சிக்கனம் செய்ய வேண்டிய இடமும் இருக்கிறது. நாங்கள் விலை கூடிய சுவிட்ச் தட்டுகளை விட்டுவிட்டுச் சாதாரண, நல்ல தரமானதை வாங்கினோம். அதில் மிஞ்சியது, மின்கசிவைக் கண்டு அணைக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்சுக்குப் போனது. இதைப் பற்றி நிறைய பேருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காது என்றே நினைத்திருந்தேன். எம்.சி.பி. காப்பது கம்பியை. பிளக்குக்குப் போட்ட 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழும். மனுஷ உடம்புக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு போனாலே ஆபத்து. ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரத்தையும் திரும்பி வருவதையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண்ணிமைக்கும் முன் அணைத்துவிடும். 16 ஆம்பியருக்கும் இதற்கும் ஐந்நூறு மடங்குக்கு மேல் தூரம். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறேன், தேதியை நோட்டில் குறிக்கிறேன்.

இன்னொன்று, முடித்த பிறகு சோதனை. கடைசிப் பணம் கொடுக்கும் முன் மெகர் என்ற, கம்பி உறையின் மின்தடையை அளக்கும் கருவியை வைத்துக் காட்டச் சொன்னேன். பிளக்கில் இருந்த எல்லாவற்றையும் உருவிவிட்டு, 500 வோல்ட் கொடுத்து, உறை தாங்குகிறதா என்று ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பார்த்தார்கள். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். எல்லாம் அதற்கு மேல் எங்கேயோ காட்டியது. மாடிப்படி விளக்கு சர்க்யூட் மட்டும் 0.2. போர்டைக் கழற்றினால், இறுக்கிய திருகு ஒன்று கம்பியின் உறையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. புத்தம்புதுக் கம்பி! விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. எரிகிறது என்று பார்த்துப் பணத்தைக் கொடுத்திருந்தால் அது அப்படியே சுவருக்குள் இருந்திருக்கும். இந்தச் சோதனைக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பைப் பிடித்து என் மகன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். நாளைக்கு யாராவது ஆணி அடிக்கும்போது உதவும். பழைய கம்பியில் இருக்கும் செம்பு யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. எங்களுக்கு அது தோன்றவே இல்லை, முடிவில் அது பாதிப் பெயிண்ட் செலவுக்கு ஆகியிருக்கும் என்று எடை போட்ட பிறகுதான் தெரிந்தது. அதை வேலையாட்களுக்கே கொடுத்துவிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை, சுவர் வெட்டும் தூசியில் அவர்கள் பட்டபாட்டைப் பார்த்தேன்.

ஆசிரியர் அவர்களே, வீட்டு அலங்காரத்துக்கும் பெயிண்ட்டுக்கும் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வருகிறது. ஒரு எஸ்டிமேட்டில் கம்பியின் கனம், சர்க்யூட் எண்ணிக்கை, எர்த், பூச்சு, பெயிண்ட், சோதனை என்று தனித்தனி வரி இருக்க வேண்டும் என்பதை ஒருமுறை கட்டம் கட்டிப் போடுங்கள். தீ விபத்துச் செய்தி எழுதும் நிருபர்கள் 'மின்கசிவு' என்று முடிக்காமல், எத்தனை வருஷத்து ஒயரிங், எந்த இணைப்பு என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும். என் நோட்டின் அந்த ஆறு பக்கங்களையும் நகல் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பயன்படுமானால் எண்களை அப்படியே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி