உயர்தரப் பிள்ளைகளின் பெற்றோருக்கு: பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப முன்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் வணக்கம்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஊரில் கேட்கும் முதற் கேள்வி "எத்தனை ஏ?" என்பதுதான். பல்கலைக்கழக அனுமதிக்கு அந்தப் பதில் போதாது. இசட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் புள்ளி), மாவட்டம், விண்ணப்பத்தில் பிள்ளை எழுதும் விருப்ப ஒழுங்கு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இடத்தைத் தீர்மானிக்கின்றன. முதல் இரண்டையும் இனி மாற்ற முடியாது. மூன்றாவது இன்னும் உங்கள் பிள்ளையின் கையில் இருக்கிறது. எங்கள் வன்னிப் பக்கத்துப் பிள்ளைகள் இடத்தைத் தவறவிடுவதும் பெரும்பாலும் அதிலேதான்.

கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான படிப்புகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைக்கும் 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும் போகின்றன. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. "எங்களுக்குக் குறைந்த புள்ளியே காணும்" என்று பலர் ஆறுதலாக இருப்பது இதனால்தான். ஆனால் மாவட்ட ஒதுக்கீடு சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படுகிறது. 100 இடமுள்ள படிப்பொன்றில் முல்லைத்தீவுக்கு மாவட்ட ஒதுக்கீட்டால் ஓரிடம் வருவதே பெரிது. அந்த ஓரிடத்தை எந்தப் பிள்ளை எடுத்தது என்பதைப் பொறுத்து வெட்டுப்புள்ளி (கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் இசட் புள்ளி) ஒரு வருடம் ஏறும், மறுவருடம் சட்டென்று இறங்கும். ஆகவே போன வருட வெட்டுப்புள்ளியை மட்டும் பார்த்து "இது கிடைக்காது" என்று ஒரு படிப்பை வெட்டிவிடாதீர்கள். குறைந்தது மூன்று வருட அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில கட்டங்களில் புள்ளிக்குப் பதிலாக என்.கியூ.சி. என்று இருக்கும். அந்த மாவட்டத்திலிருந்து தகுதியான விண்ணப்பதாரர் எவரும் இருக்கவில்லை என்பது அதன் பொருள். அந்தக் கட்டங்களைக் கட்டாயம் கவனியுங்கள்.

விருப்ப ஒழுங்குக்கு வருவோம். படிப்பும் பல்கலைக்கழகமும் சேர்ந்ததே ஒரு குறியீடு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் ஒன்று, பேராதனைப் பொறியியல் வேறொன்று. கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, பிள்ளையின் புள்ளி எட்டுகிற முதலாவது இடத்தில் நிறுத்திவிடும். ஐந்தாவதாக எழுதியதால் ஒரு படிப்புக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை. "முதலாவதாகப் போட்டால்தான் தருவார்கள்" என்பது கடைத்தெருக் கதை. எனவே ஆசைப்படும் ஒழுங்கிலேயே எழுத வேண்டும். கிடைக்கக்கூடியதை மேலே போட்டுவிட்டு ஆசைப்பட்டதைக் கீழே போட்டால், புள்ளி போதுமாக இருந்தாலும் மேலே உள்ளதுதான் கைக்கு வரும். பிள்ளை போக விரும்பாத குறியீட்டை வரிசை நீளட்டும் என்று சேர்க்கவும் வேண்டாம். ஒரு படிப்புக்குப் பதிவு செய்தபின் மறுமுறை பரீட்சை எடுத்து வேறு துறைக்குப் போவதற்குக் கடும் கட்டுப்பாடுகள் உண்டு. பதிவுப் பணம் கட்ட முன் பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டின் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

கையேட்டில் ஒவ்வொரு படிப்புக்கும் தகைமை தனித்தனியாக உள்ளது. உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தியும் அதனோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் அடிப்படை. சில படிப்புகள் சாதாரண தர ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறித்த பெறுபேற்றைக் கேட்கும். கட்டடக்கலை, விளையாட்டு விஞ்ஞானம் போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கு அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும். பொது விண்ணப்பத்தில் குறியீட்டைப் போட்டுவிட்டு இதைத் தவறவிட்டால் அந்த வரி வெறும் வரிதான்.

அடுத்து, விண்ணப்பம் நிரப்பும் இடம். அவசரத்தில் கொமியூனிகேஷன் கடையில் நிரப்பும்போது, கடைக்காரரின் மின்னஞ்சலும் கைத்தொலைபேசி இலக்கமுமே உள்ளே போய்விடுகின்றன. பிறகு தெரிவுச் செய்தி அவருக்குப் போகும், கடவுச்சொல்லும் அவரிடமே கிடக்கும். பிள்ளையின் பெயரில் மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள். குறைந்தது இரண்டு வருடத்துக்கு மாற்றாத தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள்.

இந்த அணியில் பலர் 2006, 2007 இல், இடப்பெயர்வு நேரத்தில் பிறந்தவர்கள். பிறப்பு காலம் பிந்திப் பதியப்பட்டிருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து என்று இருந்தால் இப்போதே பிரதேச செயலகத்துக்குப் போங்கள். திருத்தம் எடுக்க மாதக்கணக்காகும்.

எந்த இடம் என்று கேட்பவர்களுக்கு: கொழும்பு என்றால் மேல், வன்னி என்றால் கீழ் என்ற கணக்கு வேண்டாம். வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். மன்னார் வீதியில் பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்கள் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம் என்பது தங்கும் செலவு மிஞ்சுவதால் நல்லதுதான். ஆனால் நாளுக்கு நான்கு மணித்தியாலம் பஸ்ஸில் போகுமென்றால், விடுதி கேளுங்கள்.

இசட் புள்ளி எட்டாத பிள்ளைக்கும் வழி அடைபடவில்லை. அறிவியல் நகரிலேயே இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரியும் தொழினுட்பக் கல்லூரியும் உண்டு. தேசிய தொழிற்தகைமை 4 ஆம் மட்டத்தில் தொடங்கி 5, 6 இல் டிப்ளோமா, 7 இல் பட்டம் என்று ஏறலாம். தனியார் நிறுவனமென்றால், முற்பணம் கொடுக்க முன் பட்டத்தை யார் வழங்குகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பட்டப்படிப்பானால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம், தொழிற்பயிற்சியானால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு இலக்கம். வாயால் மட்டும் பதில் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

இடம் கிடைத்த பின் வீழ்வது பெரும்பாலும் முதல் வருடத்தில்தான். விஞ்ஞானம், பொறியியல், முகாமைத்துவம் போன்றவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கும். பெறுபேற்றுக்கும் விரிவுரை தொடங்குவதற்கும் இடையில் பல மாதங்கள் கிடக்கும். அந்த நேரத்தில் நாளுக்கு ஒரு மணித்தியாலம், தன் பாடத்தின் ஆங்கிலப் புத்தகமொன்றில் ஒரு பக்கத்தை வாசித்துச் சொந்த வசனத்தில் எழுதப் பழகட்டும். பொதுவாக 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். தவறிய பாடத்தை மறுபடி எழுதினால் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அனேகமாக சி தரத்துக்கு மேல் கிடையாது. முதலாம் வகுப்புக்கு 4.00 இல் 3.70 சராசரி வேண்டும். முதல் வருடம் விளையாட்டாகப் போனால் அதை எட்டுவது கடினம்.

மகாபொல புலமைப்பரிசில், உதவிப்பணம் இரண்டுக்கும் வருமானச் சான்று தேவை. கிராம அலுவலரிடம் முன்கூட்டியே பேசுங்கள். முதற் கொடுப்பனவு கைக்கு வரப் பிந்தும் என்பதால் மூன்று நான்கு மாதச் செலவை ஒதுக்கி வையுங்கள். பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பிள்ளை சொல்லத் தயங்கினாலும் நீங்கள் பீடாதிபதிக்கு எழுதலாம்.

விருப்ப ஒழுங்கை முதலில் வெள்ளைத்தாளில் எழுதி, மூன்று வருட வெட்டுப்புள்ளிகளை ஒவ்வொரு குறியீட்டுக்கும் பக்கத்தில் குறித்து, பிள்ளையோடு நீங்களும் பாடசாலைக்கு வாருங்கள். வகுப்பாசிரியர் பார்த்த பிறகே இணையத்தில் சமர்ப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு ஆகியவற்றின் மூலப்பிரதிகளையும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்