நின்ற நேரம் யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூலி முறைகள் பற்றித் தங்கள் இதழில் நடந்துவரும் விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். மணிக் கூலி சோம்பலை வளர்க்கும் என்கிறது ஒரு தரப்பு. பீஸ் ரேட், அதாவது செய்த துண்டுக்கு இவ்வளவு என்ற கூலி, ஆளைப் பிழிந்தெடுத்துவிடும் என்கிறது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நூல் அறுந்து, மின்சாரம் போய், வெட்டிய துணிகளின் அடுத்த கட்டு (பண்டல்) வராமல் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் யார் கணக்கில் ஏறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நியாயம் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

முதலில் பீஸ் ரேட் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். தையல் பிரிவில் காலர் வைக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் பின்னால் நின்று, ஸ்டாப்வாட்சில் இருபது துண்டுகளுக்காவது நேரம் எடுக்கிறார்கள். சராசரி 48 விநாடி வருகிறது. அவர் சாதாரண வேகத்தைவிட கால் பங்கு கூடுதலாக ஓட்டுகிறவர் என்றால் 48-ஐ 1.25-ஆல் பெருக்க வேண்டும், 60 விநாடி. அசதி, தண்ணீர் குடிப்பது, கழிப்பறை, ஊசி மாற்றுவது ஆகியவற்றுக்கு 15 சதவீதம் சேர்த்தால் 69 விநாடி. ஆக, மணிக்கு 52 துண்டு. மணிக் கூலி 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு துண்டுக்கு 1.92 ரூபாய்.

இப்போது வேகத்துக்கும் ஓய்வுக்கும் போட்ட அந்த இரண்டு கணக்கையும் விட்டுவிடுங்கள். வேகமான ஆளின் 48 விநாடியை அப்படியே எடுத்தால் மணிக்கு 75 துண்டு, துண்டுக்கு 1.33. சாதாரண வேகத்தில் 52 துண்டு தைப்பவருக்கு மணிக்கு 69 ரூபாய்தான் கிடைக்கும். யாரும் யாருடைய கூலியையும் குறைக்கவில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்து ‘அறிவியல்பூர்வமாக’ அளந்த ரேட்தான். ஆனாலும் நூற்றில் 31 போய்விட்டது. பீஸ் ரேட் நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். நேரம் எடுத்த தாளைக் காட்டச் சொல்லுங்கள். யாரை வைத்து எடுத்தார்கள், எத்தனை துண்டு, எந்தத் துணி, வேகத்துக்கு என்ன மதிப்புப் போட்டார்கள், ஓய்வுக்கு எவ்வளவு சேர்த்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். தாள் இல்லை என்றால், ரேட் மேனேஜரின் மனக்கணக்கு என்று பொருள்.

பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலி விதியில் இதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. எல்லாரும் மணிக்குச் சராசரியாக 12 துண்டு செய்கிறார்கள் என்றால், அதை 1.2-ஆல் வகுக்க வேண்டும், 10 வரும். அந்த 10 துண்டுக்கே ஒரு மணி நேரக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கும்படி ரேட் வைக்க வேண்டும். சராசரிக்குக் கொஞ்சம் கீழே இருப்பவரும் தப்பித்துக்கொள்கிறார்.

இனி நின்ற நேரத்துக்கு வருகிறேன். சரியாக வைத்த 1.92 ரேட்டிலேயே, எட்டு மணி நேர ஷிப்டில் ஒன்றரை மணி நேரம் பண்டலுக்குக் காத்திருந்தால் 338 துண்டுதான் முடியும். 800 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 649. கட்டிங் பிரிவு தாமதித்ததற்குத் தையல்காரர் 151 ரூபாய் கொடுத்திருக்கிறார். இதில் இன்னொரு கேடும் உண்டு: காத்திருக்கும் நேரம் நிர்வாகத்துக்கு இலவசமாகிவிட்டால், அதைக் குறைக்க அவர்களுக்கு எந்த அவசரமும் இருக்காது. மணிக் கூலியில் அதே ஒன்றரை மணி நேரம் முதலாளியின் பையைக் கடிக்கும். மறுநாளே பண்டல் நேரத்துக்கு வந்துவிடும். அமெரிக்காவில் மைல் கணக்கில் கூலி வாங்கும் லாரி ஓட்டுநர்கள் கிடங்கு வாசலில் மணிக்கணக்காக நிற்பதும், ஆர்டர் கணக்கில் ஓடும் டெலிவரி ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டு தெருவோரம் நிற்பதும் இதே கதைதான். நியூயார்க் நகரம் 2023-ல் டெலிவரி ஆட்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் கொண்டுவந்தபோது, ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தது. கலிஃபோர்னியா மாநிலம் ஆடைத் தொழிலில், தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள இடங்கள் தவிர, 2022 முதல் பீஸ் ரேட்டையே தடை செய்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு நான் மணிக் கூலியின் ஆள் என்று முடிவுகட்ட வேண்டாம். சேஃப்லைட் என்ற அமெரிக்க நிறுவனம் 1990-களின் நடுவில் கார் கண்ணாடி மாற்றுகிறவர்களை மணிக் கூலியிலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாற்றியதைப் பொருளியலாளர் எட்வர்ட் லேசியர் ஆராய்ந்தார். தலைக்கு வேலை 44 சதவீதம் கூடியது. அதில் ஏறக்குறைய பாதி, அதே ஆட்கள் வேகமாகச் செய்ததால் வந்தது. மீதி பெரும்பாலும் வேகமானவர்கள் வந்து சேர்ந்ததால். கூலி பத்து சதவீத அளவுக்கு உயர்ந்தது. இந்த 44-ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது ஒன்றுண்டு: அங்கே கீழே மணிக் கூலி உத்தரவாதம் அப்படியே இருந்தது. தவிர, ஒரு கார், ஒரு ஆள், ஒரு கண்ணாடி. சரியாகப் பொருத்தாவிட்டால் யார் வேலை என்று உடனே தெரிந்துவிடும். உங்கள் தொழிலில் அப்படித் தெரியுமா? நாற்பது கை மாறி வரும் சட்டையில் தெரியாது. நோயாளியைக் கவனிப்பதில், பாடம் நடத்துவதில் எண்ணவே முடியாது. எண்ண முடிந்ததற்கு மட்டும் காசு கொடுத்தால் எண்ண முடியாதது கைவிடப்படும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் கணக்கு எண்ணிக்கைக்கு டார்கெட் வைத்து நெருக்கியதில், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டு, 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது.

மணிக் கூலியின் குறையையும் சொல்லியாக வேண்டும். அறுபது தைப்பவருக்கும் நாற்பது தைப்பவருக்கும் ஒரே சம்பளம் என்றால், அறுபது தைப்பவர் ஒன்று வேகத்தைக் குறைப்பார், இல்லை வேறு கம்பெனிக்குப் போவார். அதைவிட மோசமானது, பெயரளவு மணிக் கூலி. கூலி மணிக்குத்தான், ஆனால் போர்டில் மணிக்கு 60 என்று எழுதியிருக்கும். குறைந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார், தொடர்ந்து குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 70 தைத்தால் ஒன்றும் கிடையாது. பீஸ் ரேட்டின் நெருக்கடி முழுவதும் இருக்கிறது, அதன் காசு மட்டும் இல்லை.

பீஸ் ரேட்டின் மேல் தொழிலாளிக்கு உள்ள ஆழமான அவநம்பிக்கை வேறொன்று: நன்றாகச் சம்பாதிக்கத் தொடங்கியதும் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள். ஓடுகிற மாட்டைத்தான் விரட்டுவார்கள் என்பது தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் புதிதாக வந்தவர் வேகம் காட்டினால் பக்கத்து மெஷின்காரர் ‘மெதுவா’ என்று கண்ணைக் காட்டுவார். அது சோம்பல் இல்லை, கணக்கு. ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் இந்தப் பயம் பாதி போய்விடும்: மெஷின், துணி, வேலை முறை இவற்றில் ஏதாவது மாறினால் மட்டுமே மறுபடி நேரம் எடுக்கலாம், ஒருவர் அதிகம் சம்பாதிக்கிறார் என்பது காரணமாகாது. நூறாண்டுக்கு மேல் பீஸ் ரேட்டில் ஓடும் லிங்கன் எலக்ட்ரிக் என்ற அமெரிக்க வெல்டிங் கருவி நிறுவனம் இந்த விதியைக் காப்பாற்றியதுதான், அங்கே அந்த முறை நிலைத்ததற்கு முக்கியக் காரணம்.

என் கருத்தில் பெரும்பாலான தொழில்களுக்கு ஏற்றது, குடும்பம் நடத்தப் போதுமான மணிக் கூலி அடியில், அளவு தாண்டிய துண்டுகளுக்கு இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) மேலே. இன்சென்டிவ் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால், காய்ச்சலோடு வேலைக்கு வருவதும் மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவைப்பதும் தொடங்கிவிடும். நின்ற நேரத்துக்கு, பத்து நிமிடம் தாண்டினால், சீட்டில் எழுதி மணிக் கூலி. வேறு வேலைக்கு மாற்றினால், கை பழகும்வரை பழைய சராசரி வருமானம். முந்தைய கை செய்த தவறால் பிரித்துத் திருத்த வேண்டிவரும் வேலைக்கு (ஆல்டர்) தனி நேரம். தன் தவறு என்றால் தன் நேரம்.

பீஸ் ரேட்டுக்கு ஓவர்டைம் கிடையாது என்று சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்கச் சட்டத்தில் அதற்குத் தெளிவான கணக்கு உண்டு: வாரம் 50 மணி நேரத்தில் துண்டுக் கணக்கில் 600 டாலர் கூலி வந்தால் மணிக்கு 12 டாலர், நாற்பதுக்கு மேற்பட்ட பத்து மணிக்கு அதில் பாதி வீதம், 60 டாலர், கூடுதலாகச் சேர வேண்டும். இதை எந்த நாட்டுத் தொழிற்சங்கமும் ஒப்பந்தத்தில் கேட்கலாம்.

எந்த முறையாக இருந்தாலும் எண்ணிக்கையில்தான் சண்டை வரும். பண்டல் முடிந்ததும், அதோடு வரும் டிக்கெட்டில் தன் வேலைக்குரிய சீட்டைக் கிழித்து அட்டையில் ஒட்டி, எண்ணையும் நேரத்தையும் எழுதி, மாலையில் சூப்பர்வைசர் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும். சம்பள நாளில் ஞாபகத்தை வைத்து வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

இப்படிக்கு,
தொழிற்சாலை நேர அளவைப் பிரிவில் பணிபுரியும் வாசகர்