இணையவழிப் பாடக்குறிப்புகள்: விரிவுரையாளர்களின் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய விரிவுரையாளர்களுக்கு வணக்கம்.

புதிய தவணைக்கான குறிப்புகளைப் பதிவேற்றுமுன், நம்மிடம் பயிலும் விழிப்புலனற்ற, செவிப்புலன் குறைந்த மாணவர்கள் பிறர் உதவியின்றி அவற்றைப் படிக்க முடியுமா என்பதைத் தயவுசெய்து பாருங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது எழுத்துரு. பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ‘அம்மா’ நம் கண்ணுக்கு மட்டுமே தமிழ். கோப்பினுள் இருப்பவை எம், கே, கே, எச் என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே என்பதால், திரையிலுள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளில் அது பொருளற்ற ஒலியாகவே கேட்கும். ஆகவே தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே பதியும் ஒருங்குறியிலேயே (யுனிகோட்) தட்டச்சு செய்யுங்கள். பழைய கோப்புகளை மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. புத்தகப் பக்கங்களைத் தொலைபேசியில் படம்பிடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதையும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அதில் மென்பொருள் வாசிப்பதற்கு எழுத்தே இருக்காது. வரைபடங்களுக்கு இரண்டு வரி விளக்கம் போதும்.

காணொளி விரிவுரைகளுடன் எழுத்துப் பிரதியையும் இணையுங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் சிக்னல் கிடைக்காமல் தவிக்கும் ஏனைய மாணவர்களுக்கும் அது பெரிதும் உதவும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. எனவே இது நாம் காட்டும் சலுகையன்று, அவர்களது உரிமை.

பாமினிக் கோப்புகளை மாற்ற உதவி தேவைப்படுவோர் இக்குழுவிலேயே தெரிவிக்கவும்.